இரவு இரண்டு மணிக்கு யார் பாஸ்வேர்டு தட்டுவது?

2023 ஆகஸ்ட் கடைசியில் இலங்கை அரசின் மின்னஞ்சல் அமைப்பை ரான்சம்வேர் தாக்கியது. கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்கும் வகை நிரல் அது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 முகவரிகள் அதில் சிக்கின. அமைப்பைச் சீக்கிரமே எழுப்பி நிறுத்திவிட்டார்கள். ஆனால் அந்த ஆண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரை வந்துபோன அஞ்சல்கள் திரும்பவில்லை. அந்த நூறு நாள்களுக்கு நகல் இல்லை. அரசாங்கத்துக்கே இப்படியென்றால் தெருமுனை ஆடிட்டர் அலுவலகம், நான்கு பேர் வேலை செய்யும் அச்சகம், ரத்தப் பரிசோதனை நிலையம் இவற்றின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம். அங்கெல்லாம் பேக்கப் என்றால் பெரும்பாலும் ஒரு பென் டிரைவ். அதைச் செருகுவது ஒருவருடைய பொறுப்பு. அவர் ஊருக்குப் போகிற வாரம் அந்தப் பொறுப்பும் கூடவே ஊருக்குப் போய்விடும்.

நகல் வேறொரு கணினிக்குப் போக வேண்டும், முடிந்தால் வேறொரு கட்டடத்துக்குப் போக வேண்டும், யாருடைய ஞாபகத்தையும் நம்பாமல் தினமும் போக வேண்டும். இதுவரை யாரும் மறுக்கப் போவதில்லை. சிக்கல் அடுத்த அடியில்தான் வருகிறது. ஒரு கணினி இன்னொன்றுக்குள் நுழைய வேண்டுமானால், தான் யார் என்று அங்கே நிரூபிக்க வேண்டும். பகலில் என்றால் ஒருவர் உட்கார்ந்து பாஸ்வேர்டு தட்டுவார். நகல் எடுக்கத் தோதான நேரமோ அலுவலகம் உறங்கும் இரவு இரண்டு மணி. இதற்குக் கணினிக்காரர்கள் வைத்திருக்கும் விடை, பாஸ்வேர்டு இல்லாத தொலை உள்நுழைவு. அதைக் கேட்டதும் கடை முதலாளியின் முகம் சுருங்கும்: ‘பாஸ்வேர்டே இல்லாமலா? கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்கச் சொல்கிறாயா?’ பயப்படுவதில் தவறில்லை. ஆனால் அவர் தவறான இடத்தைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பது என் கட்சி. இயந்திரத்துக்கு இயந்திரம் பேசும் இடத்தில் பாஸ்வேர்டுதான் பலவீனமான காவல். அதை எடுத்துவிட்டு வைக்கும் சாவி எந்த அளவுக்குத் திறக்கிறது என்ற கேள்வியில்தான் ஆபத்து முழுவதும் இருக்கிறது.

முதலில் பாஸ்வேர்டை எடுத்துக்கொள்வோம். பாஸ்வேர்டின் பலமெல்லாம் அது ஒரு மனிதரின் தலைக்குள் இருக்கிறது என்பதில்தான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கு ஓடும் நிரலுக்குத் தலை கிடையாது. ஆகவே பாஸ்வேர்டை ஒரு கோப்பில் எழுதித்தான் வைத்தாக வேண்டும். எழுதிய கணமே அது ரகசியச் சொல் என்ற தகுதியை இழந்துவிடுகிறது. கட்டளையோடு சேர்த்துக் கொடுத்தால், அதே கணினியில் ஓடும் வேலைகளின் பட்டியலைப் பார்க்கும் எவர் கண்ணிலும் படலாம். நிரலுக்குள் எழுதினால், அந்த நிரலை நகலெடுக்கும் ஒவ்வொருவரிடமும் போய்ச் சேரும். பேக்கப் எடுக்கும் நிரலும் பேக்கப்புக்குள் போகும்; ஆக, பெட்டியின் சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்து அனுப்புகிறோம், தினமும். இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பாஸ்வேர்டு அந்தக் கணக்கின் முழு உரிமையையும் கொடுக்கும். கோப்பைக் கொண்டுபோய் வைக்க மட்டும், அழிக்கக் கூடாது என்றெல்லாம் ஒரு பாஸ்வேர்டிடம் சொல்ல முடியாது.

பாஸ்வேர்டு இல்லாத நுழைவு என்றால் பதறுவதற்கு வரலாற்றில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 1980களில் பெர்க்லி யூனிக்ஸ் கணினிகளில் ஒரு வசதி இருந்தது. ‘இன்ன கணினியிலிருந்து இன்னார் வந்தால் எதுவும் கேட்காதே, உள்ளே விடு’ என்று ஒரு சிறு கோப்பில் எழுதி வைத்துவிடலாம். வருகிறவர் சொல்லும் முகவரியை நம்புவதைத் தவிர வேறு சோதனை கிடையாது. 1988 நவம்பர் 2 அன்று, கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதிய புழு நிரல் இணையத்தில் பரவியபோது, அது பயன்படுத்திக்கொண்ட வழிகளில் இந்த நம்பிக்கையும் ஒன்று. ஒரு கணினிக்குள் நுழைந்ததும், அதை நம்பும் அடுத்த கணினிக்குத் தடையில்லாமல் தாவியது. ஊருக்குள் ஒரு வீட்டுத் திண்ணையில் இடம் கிடைத்தால் உறவுமுறை சொல்லியே மற்ற வீடுகளுக்குள்ளும் நுழைந்துவிடுவதைப் போல. இன்றைய முறை அந்தப் பழைய முறையின் வாரிசு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இரண்டும் வெளிப் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே நடப்பது வேறு.

வேறுபாடு 1995இல் ஃபின்லாந்தில் பிறந்தது. ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் யாரோ ஓர் ஒட்டுக்கேட்கும் நிரலை நிறுவியிருந்தார்கள். அன்றைக்குத் தொலை உள்நுழைவில் பாஸ்வேர்டு எந்த மறைப்பும் இல்லாமல் கம்பியில் ஓடும். கண்டுபிடித்தபோது அந்த நிரல் ஆயிரக்கணக்கான பாஸ்வேர்டுகளைச் சேர்த்து வைத்திருந்தது. அங்கே ஆய்வாளராக இருந்த டாட்டு உலோனென் அதற்கு மாற்றாக எழுதியதுதான் ‘செக்யூர் ஷெல்’, சுருக்கமாக எஸ்.எஸ்.எச். இணையச் சேவைகளுக்குத் தலைக்கு ஓர் எண் உண்டு. 21 கோப்புப் பரிமாற்றத்துக்கும் 23 பழைய தொலை உள்நுழைவுக்கும் போயிருந்தன, நடுவில் 22 காலியாக இருந்தது. அதை மின்னஞ்சலில் கேட்டார், மறுநாளே கிடைத்தது. இணையம் அவ்வளவு சின்ன ஊராக இருந்த காலம். 1999இல் ஓப்பன் பி.எஸ்.டி. குழுவினர் இதன் கட்டற்ற வடிவமான ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சை வெளியிட்டார்கள். இன்று உலகின் சர்வர்களில் பெரும்பாலானவற்றை நிர்வகிப்பது இதன் வழியாகத்தான். லினக்ஸும் ஆப்பிள் கணினிகளும் இதோடுதான் வருகின்றன. 2018 முதல் விண்டோஸ் 10இலும் இதன் உள்நுழையும் பகுதி கூடவே வருகிறது. தனியாக வாங்க வேண்டியது எதுவுமில்லை.

இதில் இரண்டு வழிகளில் நுழையலாம். ஒன்று பாஸ்வேர்டு, மற்றொன்று சாவி இணை. சாவி இணையைப் புரிந்துகொள்ள வங்கியில் நாம் கொடுத்து வைத்திருக்கும் மாதிரிக் கையெழுத்தை நினைத்துக்கொண்டால் போதும். கணக்குத் தொடங்கும்போது ஓர் அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். பிறகு ஒவ்வொரு செக்கிலும் புதிதாகப் போடும் கையெழுத்தை அந்த அட்டையோடு ஒப்பிட்டு வங்கி பணம் தருகிறது. சாவி இணையில் பொதுச் சாவி என்பது அந்த மாதிரி அட்டை. தனிச் சாவி என்பது கையெழுத்துப் போடும் கை. உவமை ஓரிடத்தில் பிசகுகிறது, அந்தப் பிசகுதான் முக்கியம். மாதிரி அட்டையைப் பார்த்துத் திறமைசாலி ஒருவர் கையெழுத்தைக் கள்ளத்தனமாகப் போட்டுவிடலாம். பொதுச் சாவியைப் பார்த்துத் தனிச் சாவியை உண்டாக்கவோ, அதன் கையெழுத்தைப் போடவோ நடைமுறையில் முடியாது. ஒரு திசையில் சுலபமாகவும் எதிர்த் திசையில் அசாத்தியமாகவும் இருக்கும் கணக்குகளை வைத்து இதைச் செய்யலாம் என்ற எண்ணத்தை விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976இல் வெளியிட்டார்கள். பிரிட்டனின் ஒட்டுக்கேட்பு அமைப்பில் வேலை செய்தவர்கள் அதற்கும் முன்பே இதைக் கண்டுபிடித்து, ரகசியம் என்று சொல்லி 1997 வரை வெளியே விடாமல் வைத்திருந்தார்கள் என்பது ஒரு வேடிக்கையான கிளைக்கதை.

கையெழுத்து எதன்மேல் போடப்படுகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இரண்டு கணினிகளும் ஒவ்வொரு முறை பேசத் தொடங்கும்போதும் அந்த ஓர் உரையாடலுக்கு மட்டுமே உரிய அடையாளம் ஒன்று உருவாகிறது. உள்ளே வர விரும்பும் கணினி அந்த அடையாளத்தை உள்ளடக்கி ஒரு கையெழுத்துப் போட்டு அனுப்புகிறது. நேற்றுப் போட்ட கையெழுத்தை ஒருவர் பிடித்து வைத்திருந்தாலும் இன்றைக்கு அது செல்லாது. நடுவில் ஒரு போலி சர்வர் புகுந்து, வாங்கிய கையெழுத்தை உண்மையான சர்வரிடம் நீட்டினாலும் செல்லாது. அந்த உரையாடல் வேறு, இது வேறு. தனிச் சாவி தான் இருக்கும் கணினியை விட்டு ஒருபோதும் வெளியே போவதில்லை. பாஸ்வேர்டோ ஒவ்வொரு முறையும் முழுசாக எதிர்முனைக்குப் போகிறது; வழியெல்லாம் மறைத்து அனுப்பினாலும், எதிர்முனையில் இருப்பவர் அதைப் பார்க்கிறார்.

செய்முறை பெரிய வித்தை இல்லை. எஸ்.எஸ்.எச்.சோடு வரும் ஒரு சிறு நிரலை ஓட்டினால் இரண்டு கோப்புகள் உருவாகும். ஒன்று தனிச் சாவி, இருந்த இடத்திலேயே இருக்கட்டும். மற்றது பொதுச் சாவி. இன்று வழக்கமாகப் பயன்படும் ஈ.டி.25519 வகையில் அது ஒரே ஒரு வரி. அந்த வரியை எதிர்முனைக் கணினியில், நகலுக்கென்றே திறந்த ஒரு தனிக் கணக்கின் அனுமதிப் பட்டியலில் ஒட்ட வேண்டும். அவ்வளவுதான், மாதிரி அட்டை கொடுத்தாயிற்று. பலரும் இடறி விழும் இடம் ஒன்று உண்டு: அந்தப் பட்டியல் இருக்கும் கோப்பை மற்றவர்கள் திருத்த முடிகிற நிலையில் விட்டுவைத்தால், சர்வர் ஒரு வார்த்தையும் விளக்காமல் சாவியை நிராகரித்துவிட்டுப் பாஸ்வேர்டு கேட்கும். முரண்டு பிடிக்கிறது என்று அதைத் திட்டுவார்கள். பூட்டை யாரோ மாற்றியிருக்கலாம் என்ற சந்தேகத்தில் அது சரியாகவே நடந்துகொள்கிறது. பிறகு க்ரான் என்ற அலாரக்காரனிடம் நேரத்தைச் சொல்லிவிட்டால், தினமும் அந்த நேரத்துக்கு வேலை நடக்கும். கோப்புகளைக் கொண்டுபோகப் பெரும்பாலானவர்கள் நாடுவது ஆர்சிங்க். ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் இருவரும் 1996இல் வெளியிட்ட இந்த நிரல், இரு முனைகளிலும் இருக்கும் கோப்புகளின் சிறு சிறு துண்டுகளுக்குச் சுருக்கக் குறிகளைக் கணக்கிட்டு, அவற்றை ஒப்பிட்டு, மாறிய துண்டுகளை மட்டும் அனுப்பும். மெதுவான இணைப்புள்ள ஊர்களிலும் தினசரி நகல் சாத்தியமானதில் இதற்குப் பங்குண்டு.

இங்கே முதலாளி மறுபடி குறுக்கிடுவார், இந்தத் தடவை சரியான இடத்தில். தனிச் சாவியும் ஒரு கோப்புதானே, அதைத் திருடிக்கொண்டு போனால்? சாவியை உருவாக்கும்போது அதற்கே ஒரு மறைசொல் வைக்கலாம். மனிதர்கள் பயன்படுத்தும் சாவிகளுக்கு அதை வைக்காமல் விடுவது சோம்பேறித்தனம். இரவில் தானாக ஓடும் வேலைக்கு அதை வைத்தால் பழைய கேள்விக்கே திரும்பிவிடுகிறோம்: அந்த மறைசொல்லை யார் தட்டுவது? காலையில் ஒருமுறை தட்டி, சாவியை நினைவகத்தில் திறந்து வைத்திருக்கும் ஏஜென்ட் என்ற உதவி நிரல் இருக்கிறது. அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் நள்ளிரவில் மின்சாரம் போய்க் கணினி மறுபடி எழுந்தால் நினைவகம் காலி, நகல் நின்றுவிடும். திறந்து வைத்த சாவியை இன்னொரு கணினிக்குக் கடன் கொடுக்கும் வசதியும் ஏஜென்ட்டில் உண்டு. 2019 ஏப்ரலில் மேட்ரிக்ஸ் என்ற கட்டற்ற தகவல் பரிமாற்ற அமைப்பின் சர்வர்களுக்குள் ஒருவர் பரவியது அப்படிக் கடன் போன சாவியின் மேல் ஏறித்தான். ஆகவே தானியங்கி நகலின் சாவி மறைசொல் இல்லாமல்தான் இருக்கும், திருடப்படக்கூடிய கோப்பாகத்தான் இருக்கும். இதை மறைக்க வேண்டியதில்லை. கோப்பில் எழுதிய பாஸ்வேர்டும் அதே போலத் திருடு போகும். திருடியவர் கைக்கு எது போகிறது என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன.

மறுபடியும் வங்கிக்கு வருவோம். கையெழுத்திட்ட வெற்றுச் செக் தொலைந்தால் தூக்கம் போய்விடும். அதே செக்கில் பெயரும் தொகையும் எழுதி, மூலையில் இரண்டு கோடு போட்டு, ‘கணக்கில் மட்டும்’ என்று குறித்திருந்தால், எடுத்தவர் அதை வைத்துச் சாதிக்கக்கூடியது மிகக் குறைவு. எஸ்.எஸ்.எச். சாவிக்கும் இப்படிக் கோடு போடலாம். அனுமதிப் பட்டியலில் பொதுச் சாவியின் வரிக்கு முன்னால் நிபந்தனைகளை எழுதலாம். இந்தச் சாவியோடு வருபவர் எந்தக் கட்டளை கேட்டாலும் அதை விட்டுவிட்டு, நான் குறித்துள்ள இந்த ஒரே கட்டளையை மட்டும் ஓட்டு. இந்த முகவரியிலிருந்து வந்தால் மட்டும் ஏற்றுக்கொள். திரையில் உட்கார்ந்து கட்டளை தட்டும் வசதி தராதே, இதன் வழியாக வேறு கணினிக்குச் சுரங்கம் போட விடாதே. 2016 முதல், கடைசியில் சொன்ன வகைத் தடைகளையெல்லாம் ஒரே சொல்லில் போட்டுவிடும் வசதியும் வந்திருக்கிறது. ஆர்சிங்கோடு வரும் ஒரு துணை நிரலைக் குறிக்கப்பட்ட கட்டளையாக வைத்தால், வருபவர் ஒரே ஒரு கோப்புறையைத் தாண்ட முடியாது. படிக்க மட்டும், அல்லது எழுத மட்டும் என்றும் கட்டிப்போடலாம். பாஸ்வேர்டுக்கு இப்படியொரு மூலையே கிடையாது, கோடு எங்கே போடுவது? என் கட்சியின் உயிர்நாடி இந்த வேறுபாடுதான். பாஸ்வேர்டு இல்லாத முறை பாதுகாப்பானது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல மாட்டேன். கோடு போட்ட சாவி, எழுதி வைத்த பாஸ்வேர்டை விடப் பாதுகாப்பானது என்று சொல்கிறேன்.

கோடு போடாத சாவி எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் பெரிய நிறுவனங்களே சாட்சி. ஆளாளுக்குச் சாவி உருவாக்கி, வேலை முடிந்ததும் மறந்து, பட்டியலில் யாருடையது என்றே தெரியாத வரிகள் பெருகிக் கிடக்கின்றன. 2015இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனம் இதைப் பற்றியே ஒரு தனி அறிக்கை வெளியிட்டது. மனிதர்கள் நுழைவதைப் போலவே தானியங்கி நுழைவுகளையும் கண்காணிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அதை எழுதியவர்களில் ஒருவர், இருபது ஆண்டுகளுக்கு முன் எஸ்.எஸ்.எச்.சை உருவாக்கிய அதே டாட்டு உலோனென். வீட்டைக் கட்டிய கொத்தனாரே வந்து, சன்னலை மூடாமல் விடுகிறீர்கள் என்று சொன்னால் கேட்டுக்கொள்ளத்தான் வேண்டும்.

அதிகம் பேசப்படாத கேள்வி ஒன்று இருக்கிறது, நகல் ஏற்பாட்டின் தலையெழுத்தே அதில் அடங்கியிருக்கிறது: யார் யாரிடம் போவது? அலுவலகக் கணினி நகலைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அல்லது நகல் கணினி வந்து வாங்கிப் போகலாம். முதல் வழியில் சாவி அலுவலகக் கணினியில் இருக்கும். ரான்சம்வேர் நுழைவதும் அங்கேதான், ஏனென்றால் மின்னஞ்சல் திறப்பதும் கண்ட இணையதளத்துக்குப் போவதும் அந்தக் கணினியில்தான். சாவிக்குக் கோடு போடவில்லையென்றால், உள்ளே வந்தவர் அதே சாவியோடு நகல் கணினிக்கும் போய் அங்கேயும் அழித்துவிடலாம். 2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்ற நிறுவனத்துக்கு நேர்ந்தது இந்த வகை அழிவு. மற்றவர்களின் நிரல்களைப் பத்திரமாக வைத்துத் தருவதே அவர்கள் தொழில். வாடகைச் சர்வர்களை நிர்வகிக்கும் பலகை ஒருவர் கைக்குப் போனது. தரவும் நகலும் ஒரே பலகையின் கீழ் இருந்ததால் அவர் இரண்டிலும் பெரும்பகுதியை அழித்தார். நிறுவனத்தை மூட வேண்டியதாயிற்று. 2019 பிப்ரவரியில் விஎஃப்ஈமெயில் என்ற அஞ்சல் சேவையிலும் ஊடுருவியவர் முதன்மைச் சர்வர்களோடு நகல் சர்வர்களையும் துடைத்தார். இரண்டு இடங்களிலும் நகல் இருந்தது. அசலை எட்டிய கை நகலையும் எட்டியது.

அதனால் சிறிய அலுவலகங்களுக்கு இரண்டாவது வழியே மேல் என்று நினைக்கிறேன்: நகல் கணினி வந்து வாங்கிப் போகட்டும். அப்போது அலுவலகக் கணினியில் நகலைத் திறக்கும் சாவியே இருக்காது. திருடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. இதற்கும் மறுப்பு உண்டு, நியாயமான மறுப்பு: நகல் கணினி ஒருவர் கைக்குப் போனால் அவர் அலுவலகத்தையே திறந்துவிடுவாரே? சாவியைப் படிக்க மட்டும் என்று கட்டினால், அவரால் நகல் எடுக்கும் கோப்புகளைப் படிக்க முடியும், கெடுக்க முடியாது. அந்தக் கோப்புகள் ஏற்கெனவே அந்த நகல் கணினியிலேயே கிடக்கின்றன. புதிதாக இழப்பது பெரிதாக ஒன்றுமில்லை. தவிர, வேறு எந்த வேலையும் செய்யாத, யாரும் மின்னஞ்சல் திறக்காத கணினியைக் காப்பது, பத்துப் பேர் புழங்கும் கணினியைக் காப்பதைவிட எளிது. எப்படியும் கொண்டுபோய்த்தான் கொடுக்க வேண்டும் என்ற நிலை இருந்தால், கொண்டுவந்ததை நகல் கணினி தானே தேதியிட்ட பதிப்புகளாக ஒதுக்கி வைக்க வேண்டும், கொண்டுவந்தவர் அந்தப் பதிப்புகளைத் தொட முடியாதபடி. இது எந்த வழிக்கும் பொருந்தும். ஆர்சிங்க் மிகவும் விசுவாசமான வேலைக்காரன். அலுவலகத்தில் கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால், பூட்டப்பட்ட கோப்புகளை அப்படியே கொண்டுவந்து நேற்றைய நல்ல நகலின்மேல் எழுதிவிட்டுப் போகும். பழைய பதிப்பு இல்லாத நகலைப் பேக்கப் என்று நான் சொல்ல மாட்டேன். அது கண்ணாடி, எதிரே நிற்பதைத்தான் காட்டும்.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். சர்வர் நம்மைச் சோதிக்கிறது. நாம் சர்வரைச் சோதிக்கிறோமா? முதல்முறை ஒரு சர்வரோடு பேசும்போது எஸ்.எஸ்.எச். அதன் கைரேகையைக் காட்டி, எனக்கு இவரைத் தெரியாது, தொடரட்டுமா என்று கேட்கும். கைரேகையை ஒப்பிட்டுப் பார்ப்பவர் அபூர்வம். எல்லோரும் ஆமாம் என்று தட்டிவிடுகிறோம். ஒருமுறை ஏற்றுக்கொண்ட கைரேகை பின்னால் மாறினால் அது பெரிய எச்சரிக்கையோடு நின்றுவிடும். 2023 மார்ச்சில் கிட்ஹப், தன் சர்வர் சாவிகளில் ஒன்று தவறுதலாகச் சிறிது நேரம் பொதுவெளியில் தெரிந்துவிட்டதால் அதை மாற்றியது. பழைய கைரேகையை நம்பியிருந்த தானியங்கி வேலைகள் இப்படித்தான் நின்றன. எரிச்சல்தான். இந்த எரிச்சலுக்கு மருந்தாக, ‘சோதனையையே அணைத்துவிடு’ என்ற அறிவுரை ஊரெல்லாம் கிடைக்கிறது. அதைக் கேட்டால், போலி சர்வரால் உங்கள் சாவியைத் திருட முடியாது என்பது உண்மையாகவே இருக்கும். ஆனால் அலுவலகக் கோப்புகள் முழுவதையும் மரியாதையாக அதன் கையில் கொடுத்துவிட்டு வருவீர்கள். ஏற்பாடு செய்யும் நாளன்றே நகல் கணினியின் முன்னால் உட்கார்ந்து அதன் கைரேகையைக் குறித்துக்கொள்ள ஐந்து நிமிடம் ஆகும்.

தானியங்கி முறை மேல் வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் என்னால் முழுசாக மறுக்க முடியாதது ஒன்று: தானாக நடக்கிறது என்று நம்பி யாரும் பார்க்க மாட்டார்கள். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் அழிக்கும் கட்டளையைக் கொடுத்துவிட்டார். சுதாரித்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி தரவில் 4.5 ஜிபிதான் மிஞ்சியது. நகல்களைத் தேடினால், தினசரி நகல் எடுக்க வேண்டிய நிரல் தரவுத்தளத்தின் பதிப்போடு ஒத்துப்போகாமல் ஓடவே இல்லை என்று தெரிந்தது. தோல்வியை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. சான்று சரியில்லை என்று எதிர்முனை அவற்றை ஏற்கவில்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் வேறொரு காரியத்துக்காக ஒருவர் கையால் எடுத்து வைத்திருந்த பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது. நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள் என்பதால்தான் இதெல்லாம் நமக்குத் தெரிகிறது. பென் டிரைவ் செருகும் ஆள் மறந்தால், அவர் மறந்தார் என்பதாவது அவருக்குத் தெரியும். இரவு இரண்டு மணி வேலை நின்றால் அந்த மௌனமும் வெற்றியின் மௌனமும் ஒன்றுபோலவே இருக்கும். எனவே தோற்றால் சொல்லு என்று கேட்பது போதாது. ஒவ்வொரு நாளும் வெற்றியைச் சொல்லச் சொல்லி, சொல்லாத நாளில் சந்தேகப்பட வேண்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு கோப்பை நகலிலிருந்து எடுத்துத் திறந்து பார்ப்பதற்கு ஈடான சோதனை வேறில்லை. இந்த வேலைக்கு மனிதர் வேண்டும், அதை நான் மறைக்கவில்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, மாதச் சந்தா கட்டினால் மேகச் சேவைகளே பார்த்துக்கொள்ளுமே என்று கேட்கலாம். தாராளமாகச் செய்யலாம். ஆனால் அங்கேயும் உங்கள் கணினியில் உட்கார்ந்திருக்கும் ஒரு நிரல், யாரும் தட்டாத ஒரு டோக்கனோடுதான் இரவில் உள்ளே போகிறது. பெயர்தான் வேறு, அதுவும் பாஸ்வேர்டு இல்லாத சாவிதான். அந்த டோக்கனால் பழைய நகல்களை அழிக்க முடியுமா என்ற கேள்வியை அங்கேயும் கேட்டாக வேண்டும். கோட் ஸ்பேசஸ் அழிந்தது வாடகை மேகத்தில்தான்.

கடைசியாகச் சாவியின் வயது. பாஸ்வேர்டை அவ்வப்போது மாற்றச் சொல்லி நச்சரிக்க எல்லா அலுவலகத்திலும் யாராவது இருப்பார்கள். சாவியை யாரும் நினைப்பதில்லை. டெபியன் லினக்ஸில் 2006இல், ஒரு சோதனைக் கருவி காட்டிய எச்சரிக்கையை நிறுத்துவதற்காகச் சில வரிகளை நீக்கினார்கள். அந்த வரிகள்தான் சாவிக்குத் தேவையான தற்செயல் எண்களை ஊட்டிக்கொண்டிருந்தன. 2008 மே மாதம் அது வெளிப்படும்வரை அங்கே உருவான சாவிகள், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32,000 சாவிகளில் ஏதோ ஒன்றாகத்தான் இருந்தன. பொறுமையுள்ள எவரும் வரிசையாகப் போட்டுப் பார்த்தே திறந்துவிடலாம். திருத்தம் வந்த பிறகும், பழைய சாவிகளைத் தேடி அழிக்காத சர்வர்கள் திறந்தேதான் கிடந்தன. இந்தியாவில் செக்குக்குக்கூட மூன்று மாதம்தான் ஆயுள். ஓப்பன் எஸ்.எஸ்.எச்.சின் அனுமதிப் பட்டியலிலும் சாவியின் வரிக்கு முன்னால் காலாவதி தேதி குறிக்கலாம், குறிப்பவர்கள் குறைவு. அந்த வரியின் கடைசியில் ஒரு சின்னக் குறிப்பு எழுதவும் இடமுண்டு. சாவியை உருவாக்கும் நிரல் பயனர் பெயரையும் கணினியின் பெயரையும் அங்கே தானாக எழுதிவிடும், பெரும்பாலோர் அப்படியே விட்டுவிடுவார்கள். அதை மாற்றி, எந்தக் கணினி, எந்த வேலை, எந்த மாதம் வைத்தது என்று எழுதலாம். ஒரு கணினி ஒரு வேலைக்கு ஒரு சாவி என்று வைத்திருந்தால், கணக்குப் பிரிவின் பழைய கணினியை எடைக்குப் போடும் நாளில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: பட்டியலைத் திறந்து அதன் பெயருள்ள வரியை அழிப்பது. மற்ற வரிகள் அன்றிரவும் இரண்டு மணிக்குத் தங்கள் வேலைக்கு வரும்.